முதுகில் ஏறிய மைக் செட்

பழைய கார் ஸ்பீக்கர், செத்துப்போன லாப்டாப்பின் பாட்டரி, ஒரு பள்ளிக்கூடப் பை: தெருவில் நடந்து பிழைப்பவரின் ஒலிபெருக்கி உருவாகும் விதமும் அதனால் விளையும் காரியங்களும்

சென்னை அண்ணா சாலையை விட்டுச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பி, ரிச்சி தெருவின் செல்போன் உறைகளையும் கணினி உதிரிகளையும் கடந்து, அதனை ஒட்டிய சந்து ஒன்றில் ஈயம் உருகும் வாசனையைப் பிடித்துக்கொண்டு நடந்தால், ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் வாசலில் நிற்கவேண்டிய அகலத்தில் அமைந்த பட்டறைகள் தென்படும். அப்படிப்பட்ட ஒரு பட்டறையில், ஏதோ ஒரு காரின் கதவிலிருந்து கழற்றப்பட்டு, தூசியும் துருவும் ஏறி, கோனின் ஓரம் சற்றே கிழிந்து வந்து சேர்ந்த ஸ்பீக்கர் ஒன்றை மெக்கானிக் கையில் எடுக்கிறார். மேஜை இழுப்பறையில் கிடக்கும் சாதாரண டார்ச் செல்லிலிருந்து இரண்டு ஒயர்களை இழுத்து அதன் முனைகளில் ஒரு கணம் தொடுகிறார். "டப்" என்ற சிறு சப்தத்துடன் கோன் முன்னே துள்ளி அடங்குகிறது.

"தேறுமாண்ணே?" என்கிறார் வாசலில் நிற்கும் இளைஞர். மின்சார ரயிலில் பாடி ஜீவனம் செய்பவர் அவர். தோளில் வெறும் பை தொங்குகிறது.

"தேறும் தம்பி. காயில் ஒரசல. ஓரந்தான் பிஞ்சிருக்கு, துணி வச்சு ஒட்டிடலாம். பாட்டரி நீ கொண்டாறியா, நான் போடவா?"

இந்தச் சம்பாஷணையில் அடங்கியிருப்பது ஒரு தொழிலின் முழு சாஸ்திரம். கல்யாண வீட்டு வாசலிலும், கோயில் கோபுரத்து உச்சியிலும், தேர்தல் கால ஜீப்பின் தலையிலும் வாடகைக்கு வந்து அமர்ந்து பழகிய மைக் செட், மின்கம்பத்தையும் ஜெனரேட்டரையும் விட்டு இறங்கி, ஒரு மனிதனின் முதுகில் ஏறிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கத் தொடங்கிவிட்டது. கீரை விற்கும் சைக்கிளிலும், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த பரம்பரையின் இன்றைய தள்ளுவண்டியிலும், வீதி நாடகக்காரர் தோளிலும், தொண்டை கட்டிப்போன பள்ளி ஆசிரியையின் இடுப்பிலும் அது இருக்கிறது. கடையில் வாங்கும் பளபளப்பான பெட்டிகளும் உண்டு; அவற்றைப்பற்றி விளம்பரங்களே பேசிக்கொள்ளும். காயலான் கடைச் சாமானிலிருந்து கையால் கோக்கப்படும் செட்டுகளே நமக்கு இங்கு விஷயம்.

நூறு வருஷத்துப் பழைய காயில்

பூர்வ சரித்திரம் சுருக்கமானதே. 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் எதிரே பெருங்கூட்டம் ஒன்றுக்கு முன்பாக எட்வின் பிரிதமும் பீட்டர் ஜென்சனும் தங்கள் ஒலிபெருக்கியை முழங்கச் செய்தார்கள். 1925இல் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் காகிதக் கோனின் அடியில் கம்பிச் சுருளைப் பொருத்தி, அதனைக் காந்தப் புலத்தில் அசையவிடும் முறையைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு காந்தம் வலுத்தது, பசை மாறியது, கோனில் பிளாஸ்டிக் கலந்தது. அடிப்படைத் தத்துவம் மாறவேயில்லை. ஆகையினாலேயே முப்பது வருஷத்துக்கு முந்தைய ஸ்பீக்கரும் இன்றைய போர்டோடு சண்டையின்றிச் சேர்ந்துகொள்கிறது.

கிடைத்த சாமான்களைக் கொண்டு பெருஞ்சப்தம் செய்வதும் நம் ஊருக்கே உரிய வித்தையன்று. பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றிவிட்டு ஜமைக்கா திரும்பிய ஹெட்லி ஜோன்ஸ், 1940களின் இறுதியில் கிங்ஸ்டன் நகரத்தில் தம் கையால் செய்த ஆம்ப்ளிஃபையர்கள், அந்நாட்டுத் தெரு இசையின் போக்கையே மாற்றின என்பது சங்கீத சரித்திரம் அறிந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

நம் சென்னைக்குத் திரும்பினால், ஸ்பீக்கருக்குப் புதுப்பேட்டை: பழைய கார்களை அக்கக்காகப் பிரித்து விற்கும் அந்தப் பேட்டையில் கதவு ஸ்பீக்கர்கள் குவியலாகக் கிடைக்கும். ஆனால் விஷயம் அறிந்த மெக்கானிக், கார் ஸ்பீக்கரைவிடப் பழைய குண்டு டிவியிலிருந்து கழற்றிய நீள்வட்டக் காகிதக் கோனைக் கண்டால் முகம் மலர்வார். அதற்குத் தக்க காரணம் உண்டு, பின்னால் வருகிறது.

┌─────────────
வாங்கும் முன் பாருங்கள்

டார்ச் செல்லின் நேர்முனையை ஸ்பீக்கரின் நேர்முனையில் தொட்டால் கோன் முன்னே வரவேண்டும். இரண்டு ஸ்பீக்கர் போடுகிறவர்கள் இரண்டும் ஒரே திசையில் துள்ளுகின்றனவா என்று பார்க்காவிட்டால், ஒன்று முன்னே போகும்போது மற்றது பின்னே போய், கனத்த நாதம் கரைந்துவிடும்.

4 ஓம் ஸ்பீக்கர் மல்டிமீட்டரில் 3.2 முதல் 3.6 வரையும், 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரையும் காட்டுவது சகஜம். மீட்டர் அசையவே இல்லையென்றால் காயில் அறுந்துவிட்டது.

கோனைச் சுற்றிலும் விரல்களை வைத்துச் சமமாக அமுக்குங்கள். மணல் உராய்வது போன்ற சப்தம் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஓரம் ஸ்பாஞ்சாக இருந்தால் பத்துப் பதினைந்து வருஷத்தில் பொடியாக உதிரும். துணியும் ரப்பரும் தாங்கும்.
└─────────────

வாட் என்னும் மாயை

செட்டுப் போட வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை வாட் வரும்?" என்பதே. வீட்டு ஸ்டீரியோவின் நெற்றியில் ஆயிரக்கணக்கான வாட் 'பி.எம்.பி.ஓ.' என்று அச்சடித்து விற்ற காலம் ஏற்படுத்திய பழக்கம் அது. அந்த நான்கெழுத்துகளுக்கு மேலே ஒட்டிய எண்ணுக்கும் காதில் விழும் சப்தத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இருந்ததில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளும் வியாபாரிகள் இன்னும் இருக்கிறார்கள். கணக்கோ பிரத்தியட்சமானது. 12 வோல்ட் பாட்டரியில் ஓடும் சாதாரண ஆம்ப்ளிஃபையர், 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுக்கக்கூடிய உச்சம் நாலரை வாட். இரண்டு முனையையும் எதிரெதிராக இயக்கும் பிரிட்ஜ் முறையில் அதுவே 18 வாட். அதற்குமேல் வேண்டுமானால் வோல்ட்டைக் கூட்டவேண்டும், அல்லது ஓமைக் குறைக்கவேண்டும். போர்டின்மேல் ஒட்டிய காகிதத்தில் 100 என்று எழுதியிருப்பதால் எதுவும் நேர்ந்துவிடாது.

இதைவிட முக்கியமான எண் ஒன்று ஸ்பீக்கருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே அது. புதிய நாகரிகத்துச் சிறு புளூடூத் ஸ்பீக்கர்களின் கோன் கனமானது. சிறு டப்பாவிலிருந்து கனத்த நாதம் வரவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதற்கு விலையாக வாட்டை விழுங்கும். பழைய டிவியின் மெல்லிய காகிதக் கோனோ லேசானது; அடியில் இடி முழங்காது, ஆனால் கொடுத்த மின்சாரத்துக்குக் குரலை வாரி வழங்கும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே; காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட், வேண்டும். ஆக, 93 டெசிபல் தரும் ஸ்பீக்கர் ஒரு வாட்டில் செய்யும் வேலையை, 87 டெசிபல் தரும் ஸ்பீக்கர் நான்கு வாட் தின்றுதான் செய்யும். மூன்று வாட்டுக்கான பாட்டரியின் சுமை யார் முதுகில் ஏறுகிறது என்பதை வாங்குகிறவர் யோசிக்கவேண்டும்.

குரலுக்கு மட்டும் செட்டுப் போடுகிறவர் அடிநாதத்தை அடியோடு வெட்டிவிடலாம் என்பது என் அபிப்பிராயம். டெலிபோனில் வெகுகாலம் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வே போய்க்கொண்டிருந்தது. அதைக் கொண்டு யாரும் யாரையும் புரிந்துகொள்ளாமல் போய்விடவில்லை. 4 ஓம் ஸ்பீக்கரின் வழியில் 200 மைக்ரோஃபாரட் அளவுள்ள, முனைபேதமற்ற கப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை படிப்படியாகக் குறையும், கோன் வீணாகக் குதிப்பது நிற்கும், பாட்டரி நீடிக்கும். கானாப் பாட்டுக்காரர் இதற்குச் சம்மதிக்கமாட்டார். அவரிடம் வாதாடிப் பயனில்லை.

போர்டைப் பொறுத்தவரை, ஒரு தலைமுறையாக நம் ஊர் மெக்கானிக்குகளின் கைராசியாக இருந்த 4440 ஐ.சி. இன்னும் வழக்கொழியவில்லை. எனினும் அந்த வகை, பாட்டரியின் சக்தியில் கணிசமான பாகத்தைச் சூடாக மாற்றி ஹீட் சிங்க்கின் வழியே காற்றில் விட்டுவிடும். மூடிய பைக்குள் அந்தச் சூடு போவதற்கும் இடமில்லை. 'கிளாஸ் டி' என்று சொல்லப்படும் புதிய வகைப் போர்டுகள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரை ஸ்பீக்கருக்கே சேர்ப்பிக்கின்றன. சில நூறு ரூபாயில் கிடைக்கும் இந்த ஒரு துண்டுதான், முதுகுச் செட்டைச் சாத்தியமாக்கியது என்று சொல்லவேண்டும்.

பாட்டரியின் நியாயம்

முன்பெல்லாம் யு.பி.எஸ். பெட்டியிலிருந்து கழற்றிய 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பாட்டரியைத்தான் போட்டார்கள். கனம் இரண்டு கிலோவுக்கு மேல். அதே சக்தியை, லாப்டாப் பாட்டரியைப் பிளந்தால் உள்ளே கிடைக்கும் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட லித்தியம் செல்கள் பன்னிரண்டைக் கொண்டு அடையலாம். கனம் அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். மூன்று செல் வரிசையாகவும் வரிசைக்கு நான்கு பக்கவாட்டிலும் கோத்தால், செல் ஒன்றுக்கு 2000 மில்லி ஆம்பியர்-மணி மிச்சமிருக்குமானால், கிட்டத்தட்ட 89 வாட்-மணி. சராசரி 10 வாட் இழுத்தாலும் காலையில் கிளம்பியவருக்கு மாலை வரை வரும்.

இந்தச் செல்கள் குப்பைக்கு வரும் காரணமும் தெரிந்துகொள்ளத்தக்கது. லாப்டாப் பாட்டரிக்குள் பொதுவாக ஆறு செல், இரண்டிரண்டாக மூன்று ஜோடி. பாரவண்டி மாடுகளில் ஒன்று நொண்டினால் வண்டியே நின்றுவிடுவதுபோல, ஒரு ஜோடி சோர்ந்தால் உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் மொத்தத்தையும் பூட்டிவிடுகிறது. எஞ்சிய நான்கில் பெரும்பாலும் உயிர் இருக்கும். அந்த உயிரைத் தேடித்தான் பட்டறைக்காரர்கள் பிளக்கிறார்கள்.

ஆனால் அபாயமும் இங்கேதான் தொடங்குகிறது. லித்தியம் செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது. மூன்று செல் வரிசைக்கு 12.6 வோல்ட் சார்ஜர்தான் வேண்டும். செட்டை ஈய பாட்டரியிலிருந்து லித்தியத்துக்கு மாற்றிய பலர், வீட்டில் கிடந்த பழைய 13.8 வோல்ட் சார்ஜரையே செருகிவிடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் செல் ஒன்றுக்கு 4.6 வோல்ட். நடுவே காவல் போர்டு இருந்தால் தடுக்கும். செலவு மிச்சம் என்று அதை விட்டுவிட்ட செட்டில் தடுக்க ஒன்றுமில்லை. தீப்பிடிக்கக்கூடிய அந்தப் பொருள் இருப்பது ஒரு மனிதனின் முதுகெலும்புக்கு இரண்டு அங்குல தூரத்தில், அவர் நிற்பதோ நெரிசலான ரயில் பெட்டியில் என்பதை நினைத்தால், இந்த விஷயத்தில் சிக்கனம் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

┌─────────────
பழைய செல்லுக்குப் புது வாழ்வு: சில நியமங்கள்

2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்த செல்லை உயிர்ப்பிக்க முயலவேண்டாம். துரு ஏறியது, நசுங்கியது, சார்ஜ் ஏறும்போது சுடுவது ஆகியவற்றுக்கும் அதே விதி.

முழுக்க ஏற்றிய செல்லைச் சில வாரம் சும்மா வைத்து மறுபடி அளந்து பாருங்கள். தானாக வோல்ட் இறங்குகிற செல் மற்றவற்றையும் கெடுக்கும்.

பாட்டரிக்கு அருகிலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ். கெட்டியான தனி டப்பா. முதுகுக்கும் அதற்கும் இடையே பலகை.

பையை மூடிவைத்துச் சார்ஜ் போடுவதும், போட்டுவிட்டுத் தூங்கப்போவதும் கூடாது.

கனம் சற்று அதிகமானாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு இரும்பு-பாஸ்பேட் வகை லித்தியம் செல் உத்தமம்: நான்கு செல்லுக்கு 12.8 வோல்ட், தீ பயம் குறைவு.
└─────────────

சுமப்பவருக்குக் கேட்பதில்லை

இந்தச் செட்டுகளைப் பயன்படுத்துகிறவர்களைக் கவனித்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தென்படும். மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே கொண்டுபோனால் "கூ" என்று ஊளையிடும் என்பதை மேடை ஏறிய அனைவரும் அறிவார்கள். முதுகுச் செட்டில் அந்த உபத்திரவம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மைக் வாய்க்கு முன்னே. ஸ்பீக்கர் முதுகுக்குப் பின்னே. நடுவில் சுவராக நிற்பது பாடகரின் உடம்பே. ஒலிப்பொறி நிபுணர்கள் பணம் செலவழித்துத் தேடும் சௌகரியம் இவருக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

அதே உடம்புதான் சங்கடத்துக்கும் மூலம். ஒலியின் உயர்ந்த சுருதிகள் ஸ்பீக்கர் பார்க்கும் திசையிலேயே பாய்கின்றன. உடம்பைச் சுற்றி முன்னே வருவது மங்கிய அடிநாதம் மட்டுமே. ஆகையால் சுமப்பவருக்குத் தம் குரல் எப்போதும் மந்தமாகவும் போதாததாகவும் தோன்றுகிறது, குமிழைத் திருகுகிறார், பின்னால் நிற்பவரின் காது கிழிகிறது. ரயிலில் பாடும் கலைஞரைப் பார்த்து முகம் சுளிக்கும் பிரயாணிகள், அவர் வேண்டுமென்றே அலறவிடுகிறார் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அவர் அந்தப் பெட்டியிலேயே தம் பாட்டைச் சரியாகக் கேட்காத ஒரே மனிதர்.

பரிகாரம் அப்படியொன்றும் கஷ்டமானதல்ல. பையின் தோள் பட்டையில் சட்டைப் பொத்தான் அளவுள்ள சிறு ஸ்பீக்கர் ஒன்றைக் காதைப் பார்த்துத் தைத்துவிட்டால், பாடுகிறவருக்குத் தம் சுருதி தெரியும். வால்யூம் குமிழுடன் ஒரு ரெஸிஸ்டரைச் சேர்த்து, எவ்வளவு திருகினாலும் ஒரு வரம்புக்கு மேல் போகாதபடி பட்டறையிலேயே கட்டிவிடலாம். சில பைசா விலையுள்ள அந்த ரெஸிஸ்டர், ஸ்பீக்கரையும் பாட்டரியையும் சேர்த்தே காப்பாற்றும்.

நாள் முழுவதும் சுமக்கிறவரின் காதைப்பற்றியும் சிந்திக்கவேண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த எல்லை. 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரந்தான். மங்கலாகக் கேட்கிறது என்பதனால் காதுக்கு அபாயமில்லை என்று பொருளாகாது. ரயில் பெட்டியின் தகரச் சுவர்கள், பின்னால் போன சப்தத்தை முன்னால் திருப்பியடிக்கின்றன.

சட்டத்தின் கட்டத்துக்குள் அடங்காதவர்

ரயில் பாடகரின் நிலைமை சட்டப்படி மிகவும் சங்கடமானது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144ஆம் பிரிவு, ரயிலில் அனுமதியின்றி விற்பதையும் யாசிப்பதையும் தடை செய்கிறது. கண் பார்வை இல்லாத ஒருவர் பாடி, கேட்டவர்கள் மனமுவந்து கொடுப்பதையும் அது யாசகமாகவே பார்க்கிறது. முன்பு குரலை மட்டும் கொண்டு பாடியவர் கூட்டத்தில் கரைந்துவிட முடிந்தது. இன்று அவருக்கு ஜீவனத்தைத் தரும் பெட்டியே அவரைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாகவும் இருக்கிறது. அதைப் பறிகொடுத்தால் மறுபடி புதுப்பேட்டையிலிருந்து தொடங்கவேண்டும்.

செட்டைக் கட்டிக்கொடுத்த பட்டறைக்காரரும் சௌக்கியமாக இல்லை. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், உற்பத்தியாளர், தயாரிப்பாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் என்று நான்கு வகுப்பாரையே பதிவுக்கு அழைக்கின்றன. பழைய ஸ்பீக்கரின் ஓரத்தில் துணி ஒட்டி இன்னும் பத்து வருஷம் பேசவைப்பவர் அர்த்தத்தில் புதுப்பிப்பவரே. ஆனால் பதிவு, கணக்கு, அறிக்கை என்பவற்றையெல்லாம் மூன்றடி மேஜையில் எங்கே வைப்பார்? காந்தத்தையும் செம்பையும் உருக்காமலே மறுபடி உழைக்கவைக்கும் அவருடைய வேலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. செல்லைப் பிளந்து, தேறாததைச் சாக்கடையோரம் வீசுகிறவரும் அதே சந்தில் இருக்கிறார் என்பதையும் மறைக்கலாகாது.

இனிச் சப்தத்தைப்பற்றிய சட்டம்.

┌─────────────
2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்
(டெசிபல்; பகல் / இரவு)

தொழிற்சாலைப் பகுதி: 75 / 70
வணிகப் பகுதி: 65 / 55
குடியிருப்புப் பகுதி: 55 / 45
அமைதிப் பகுதி: 50 / 40

இவை சராசரி அளவுகள். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அப்போது திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 அன்று இதனை வலியுறுத்தியது. ஆஸ்பத்திரி, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படலாம்.
└─────────────

பொது இடத்தில் ஒலிபெருக்கி வைப்பதற்கு எழுத்துமூலமான அனுமதி வேண்டும். அந்த இடத்தின் எல்லையில் சப்தம், மேலே கண்ட அளவைவிட 10 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. எப்படியும் 75ஐத் தாண்டக்கூடாது. குடியிருப்புத் தெருவில் அப்படியானால் 65. மைதானத்தில் பந்தல் போட்டுக் கூட்டம் நடத்துகிறவரை மனத்தில் கொண்டு எழுதிய விதி இது என்பது பார்த்தவுடனே தெரிகிறது.

கீரைக்காரரின் செட்டை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டரில் 90 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கர், ஒரே ஒரு வாட். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். நம் தெருக்களில் நடுவீதிக்கும் வீட்டு வாசலுக்கும் நான்கு மீட்டர் என்று கொண்டால், வாசலில் 78 டெசிபல். அதை 65க்கு இறக்க ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்கு போதும். நூறு வாட் செட்டு வேண்டும் என்று ரிச்சி தெருவுக்கு வருகிறவருக்கு, சட்டத்துக்கு உட்பட்டு நடக்கத் தேவையானது அவ்வளவே. போக்குவரத்து இரைச்சல் இல்லாத காலை ஏழு மணிக்கு முருங்கைக்கீரை வந்திருப்பதை மூன்று வீட்டாருக்கு அறிவிக்கவும் அதுவே தாராளம்.

அளவைக் குறைத்துக்கொண்டாலும் அனுமதிச் சீட்டு என்னும் சிக்கல் தீராது. விண்ணப்பம் போடுகிறவர் இடத்தைக் குறிப்பிடவேண்டும். அவருக்கு இடம் என்று ஒன்றில்லை, வழி மாத்திரமே உண்டு. எல்லையில் நின்று டெசிபல் அளக்கவேண்டிய அதிகாரிக்கும் அதே முட்டுக்கட்டை: பொது இடத்தின் எல்லை எது? தெருவின் இரு மருங்கிலும் உள்ள வாசற்படிகளா, தெருமுனையா, அல்லது சைக்கிள் அடுத்த தெருவில் திரும்பிவிட்டால் அந்தத் தெருவா? 2014இல் வந்த தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம், நடமாடும் வியாபாரியை வியாபாரியாக ஏற்றுக்கொண்டு சான்றிதழ் வழங்க வழிசெய்தது. அந்தச் சான்றிதழிலேயே, இன்ன அளவு சப்தத்துக்கு உட்பட்டுப் பகலில் ஒலிபெருக்கி பயன்படுத்தலாம் என்று ஒரு வரி சேர்ப்பதற்கு நகர விற்பனைக் குழுக்கள் யோசனை சொல்லலாம். அதுவரையில், காவலர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினால் குமிழைக் குறைப்பதா, செட்டைக் கொடுத்துவிட்டுப் போவதா என்பது அந்தந்தத் தெருமுனையில் அவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளும் விவகாரமாகவே இருக்கும்.